உச்சி வெயிலில் அணைந்துபோகும் சோலார்: ஐந்து வருட அனுபவம்

போன வாரம்தான் என் சோலார் இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) ரிப்பேர் முடிந்து வந்தது. அதை மாட்டிய அன்று மாலையே நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் பக்கத்துக் கிராமங்களுக்கு எது சரிப்பட்டு வரும், சோலாரா, காற்றாலையா, சாண எரிவாயுவா என்று ஒரு குழுவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். "அஞ்சு வருஷமா வச்சிருக்கியே, நீ சொல்லு" என்றான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

என்னுடையது 5 கிலோவாட். பேட்டரி கிடையாது, நேராகக் கம்பத்து லைனோடு இணைத்தது. பேனல்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தூசியைக் கழுவிவிட்டால் போதும், முதல் வருடம் போலவே இன்றும் கொடுக்கின்றன. எனக்குப் பிடித்தது மழை ஓய்ந்த மறுநாள். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். அதனால் கொளுத்துகிற கோடையைவிட, கழுவிவிட்ட மாதிரி வானமும் குளிர்ந்த காற்றும் இருக்கும் அந்த நாளில்தான் மீட்டர் துள்ளும்.

ஆனால் அப்படிப்பட்ட நாளில்தான் எனக்கு எரிச்சலும் உச்சத்துக்குப் போகும். மேகமே இல்லாத மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டர் முன்னால் நின்று பாருங்கள். திரையில் 248, 251, 253 என்று வோல்ட் ஏறும். 'டக்' என்று ரிலே, அதாவது லைனிலிருந்து தானே துண்டிக்கும் சுவிட்ச், விழும், சிவப்பு விளக்கு எரியும். ஒரு நிமிடம் எண்ணிவிட்டு மறுபடி சேரும், மறுபடி ஏறும், மறுபடி 'டக்'. ஒரு மணி நேரத்தில் 14 முறை எண்ணியிருக்கிறேன். கடைசியில் அந்த ரிலேதான் கருகிப்போனது.

காரணம் எளிது. என் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளமான, மெல்லிய கம்பி. அந்தக் கம்பியின் மின்தடை போகவர 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோவாட் என்றால் சுமார் 22 ஆம்பியர். அதை லைனுக்குள் தள்ள இன்வெர்ட்டர் 22 வோல்ட் கூடுதலாக ஏற வேண்டும். லைனில் ஏற்கெனவே 235 இருந்தால் 257 ஆகிவிடும். என் இன்வெர்ட்டரின் வரம்பு 253. சாயங்காலம் எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும்போது கடைசி வீட்டில் வோல்ட் படுத்துவிடக் கூடாது என்று டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் ஏற்றி வைத்திருப்பார்கள். ஆள் நடமாட்டமில்லாத மதியத்தில் அது நமக்கு எதிராகத் திரும்புகிறது.

நியாயமாகச் சொன்னால் இன்வெர்ட்டர் மேல் தப்பில்லை. அது அணையாவிட்டால் அக்கம்பக்கத்து ஃபிரிட்ஜும் டிவியும்தான் அடி வாங்கும். கோபமெல்லாம் பொருத்த வந்தவர்கள் மேல்தான். கூரையை அளந்தார்கள், நிழலைப் பார்த்தார்கள், லைனில் மீட்டரை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. இப்போது ரிப்பேர் செய்தவர் ஒரு செட்டிங்கை மாற்றித் தந்திருக்கிறார். வோல்ட் ஏறினால் முழுசாக அணையாமல் உற்பத்தியை மட்டும் குறைத்துக்கொள்கிறது. 'டக்' நின்றுவிட்டது. ஆனால் நல்ல வெயிலிலும் 3 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை. தண்ணீர் மோட்டாரைப் போட்டால் உற்பத்தி உடனே மேலே போகிறது. மின்சாரத்தை அங்கேயே செலவழித்துவிட்டால் கம்பிக்கு வேலையே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

நண்பன் கேட்ட மற்றவை பற்றி. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே அந்த இடத்திலேயே, காற்றாடி வைக்கும் உயரத்திலேயே ஒரு வருடம் அளக்காமல் காற்றாலை பேச்சே வேண்டாம். சாண எரிவாயு நான் சோலாருக்கு முன்பே போட்டது, 2 கன மீட்டர். தினமும் 50 கிலோ சாணம் கரைக்க ஆள் வேண்டும், குளிர் வந்தால் மந்தமாகும். ஆனால் கம்பியை நம்பி இல்லை, கழிவும் வயலுக்கு உரமாகிறது. அப்புறம், அவன் பட்டியலில் ஓடையே இல்லை! விநாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் விழுந்தால் இழப்பெல்லாம் போக சுமார் 1 கிலோவாட் தேறும். இரவும் பகலும் ஓடினால் 24 யூனிட். என் 5 கிலோவாட் சோலார் தடையில்லாமல் ஓடினால்கூட ஒரு நல்ல நாளில் கொடுப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். வற்றாத ஓடை இருக்கிற ஊரில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

என் ஊர்க்கோடி லைனில் மறுபடி சோலார் போடுவேனா என்று அவன் கேட்டான். மாட்டேன் என்றேன். பேனல்களை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருத்தமில்லைதான். ஆனால் இந்த வெயில் வீணாகப் போவதைத் தினமும் நின்று பார்க்கிறவனுக்கு வேறு பதில் வரவில்லை. அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: மேகமில்லாத ஒரு மதியம் மல்டிமீட்டரோடு ஒவ்வொரு ஊரிலும் கடைசிக் கம்பத்து வீட்டுக்குப் போ, அன்றே இரவு 7 மணிக்கு மறுபடி போ. இரண்டு எண்ணையும் எழுதி எனக்கு அனுப்பு, அப்புறம் பேசலாம்.