ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் ஸ்டார்ட்டர் செட்: கிட் நல்லது, பசையை மாற்றுங்கள்

சிறுவயதில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டியவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம்) என்றதும் விமானத்துக்கு முன்னால் பசைதான் ஞாபகம் வரும். ட்யூபிலிருந்து சிலந்திவலை போல நூல் நூலாக இழுபடும் பசை, அது ஒட்டிய விரல், அந்த விரல் பட்டு நிரந்தரமாக மங்கிப்போன விமானிக் கண்ணாடி. பிரிட்டிஷ் மாடல் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் தன் முதல் ஸ்பிட்ஃபயரை 1950-களில் கொண்டுவந்தது. பிரிட்டனின் வுல்வொர்த்ஸ் கடைகளில் 2 ஷில்லிங் விலை. இப்போது ஸ்டார்ட்டர் செட்டாக வரும் 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் எம்கே 1ஏ, 2010-களின் தொடக்கத்தில் புதிதாக வெட்டிய அச்சு. 2010-களின் தொடக்கத்தில் வந்த பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் ‘மேட் இன் இந்தியா’ என்றே இருக்கும்.

பெட்டிக்குள் சுமார் 35 பாகங்கள், நீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கல் தாள், சின்னச் சின்ன அக்ரிலிக் பெயிண்ட் குப்பிகள், 2 பிரஷ், கொஞ்சம் பசை. முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 15.5 செ.மீ. சொச்சம், உள்ளங்கையில் நிற்கும். சக்கரத்தை மடக்கியும் வைக்கலாம், இறக்கியும் வைக்கலாம். உட்கார்ந்த நிலையில் ஒரு விமானியும் உண்டு.

பாகங்களின் பொருத்தம் பழைய கிட்களோடு ஒப்பிடவே முடியாத அளவு மேல். பழைய அச்சுகளில் உடலின் இரு பாதிகளையும் சேர்த்தால் முதுகில் ஒரு படி நிற்கும். பட்டி பார்க்காமல் தீராது. இதில் தேய்த்தாலே போதும். இறக்கை, உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் மட்டும் மயிரிழை இடைவெளி வரலாம். கீழ் இறக்கை ஒரே துண்டு, மேல் பாதிகள் இரண்டு. பசை காயும் முன் ஒரு மாஸ்கிங் டேப்பை ஓர் இறக்கை நுனியிலிருந்து முதுகின் மேலாக மறு நுனிக்கு லேசாக இழுத்து ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இடைவெளி மூடும், இறக்கையின் மேல்நோக்கிய சாய்வும் இரு பக்கமும் ஒன்றாக வரும். இழுத்துக் கட்டிவிடாதீர்கள், பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கும், வளைந்துகொள்ளும்.

பெரிய குறை, தகட்டு இணைப்புக் கோடுகள். ரொம்ப ஆழம். 1/72-ல் 0.2 மி.மீ. அகலப் பள்ளம் என்றால் நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை செ.மீ. வாய்க்கால். ஸ்பிட்ஃபயரின் மேனி அப்படி இருந்ததில்லை. ஜப்பானிய நிறுவனமான தமியாவின் 1/72 ஸ்பிட்ஃபயரில் கோடுகள் மெலிதாக, அழகாக இருக்கும். ஆனால் பெயிண்ட், பசை எல்லாம் தனியாக வாங்க வேண்டும், விலையும் கூடும். பிரஷ்ஷில் அடிப்பவர்களுக்கு ஏர்ஃபிக்ஸின் குறையே ஒரு விதத்தில் வசதி: மூன்று கோட் அடித்த பிறகும் கோடு மறையாது.

இனி பசை. செட்டில் வருவது கெட்டியான பாலி சிமென்ட். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு முகத்தையும் ஒன்றாக்கி இறுகுவதுதான் இதன் வேலை, ஃபெவிகால் மாதிரி நடுவில் படலமாக நின்று பிடிப்பதல்ல. அதனால் அதிகம் வைத்தால் அதிகம் பிடிக்கும் என்ற கணக்கு இங்கே தலைகீழ். அதிகப் பசை பிளாஸ்டிக்கைக் கூழாக்கும், விளிம்பில் பிதுங்கும், அவசரமாகத் துடைத்தால் ரிவெட், கோடு எல்லாம் வழித்துக்கொண்டு போகும். பிதுங்கினால் தொடாதீர்கள். மறுநாள் இறுகியதும் பிளேடால் சீவி, 600, அடுத்து 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். இதைவிட நல்ல வழி, தமியா எக்ஸ்ட்ரா தின் என்ற நீர்த்த பசை, பச்சை மூடி, 40 மி.லி. பாட்டில், மூடியிலேயே பிரஷ். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஓரத்தில் ஒரு தொடு தொட்டால் திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். ஒரே எச்சரிக்கை: இணைப்பின் மேல் உங்கள் விரல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடும், ரேகை அச்சாகிவிடும்.

கண்ணாடிக்கு இந்த இரண்டும் வேண்டாம். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி படிந்து கண்ணாடி உள்ளே வெள்ளை பூத்துவிடும். பல்குத்தும் குச்சியில் ஒரு துளி சாதா வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெரியாது, வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் பிரேமிலிருந்து அவற்றைக் கையால் திருகிப் பிய்ப்பது பழைய பழக்கம். இந்தக் கிட்டில் அதற்கு முதலில் பலியாவது ஆன்டெனா கம்பமும் சக்கரக் காலும்தான். நிப்பரால் 2 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தை பிளேடால் சீவுங்கள். அதற்கும் முன்னால் பிரேமோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை கழுவுங்கள். அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் அக்ரிலிக் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகும். விமானி அறையின் உட்புறத்தை உடலை மூடுமுன் பெயிண்ட் அடித்தாக வேண்டும். குறிப்புத்தாள் கேட்கும் எல்லா பெயிண்ட் எண்ணும் செட்டில் இருக்காது. உட்புறப் பச்சை, அதாவது ஹம்ப்ரால் பெயிண்டில் 78-ம் எண், கையில் இல்லாவிட்டால் 90-ஐயும் 30-ஐயும் கலந்தால் கண்ணாடிக்குள் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது.

வெளியே அடிப்புறம் 90, மேலே 29 பழுப்பும் 30 பச்சையும். வெளிர் நிறம் முதலில், பிறகு பழுப்பு, கடைசியில் பச்சை. குப்பியில் இருப்பதை அப்படியே அடித்தால் பிரஷ் கோடுகள் நிற்கும். பத்துத் துளிக்கு இரண்டு மூன்று துளி தண்ணீர் விட்டு மெல்லிய கோட்டாக மூன்று முறை அடியுங்கள். முதல் கோட் கண்றாவியாகத்தான் இருக்கும், அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தடவினால் பாதி காய்ந்த படலம் கிழியும். கடலோர ஊர் ஈரப்பதத்தில் கோட்டுக்குக் கோட் ஒரு இரவு விடுவது நல்லது. செட்டில் வரும் பிரஷ்ஷை பசைக்கு வைத்துக்கொண்டு, பெயிண்ட்டுக்கு ஓவியக் கடையில் நல்ல செயற்கை இழை பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

டீக்கல்தான் பலருக்கும் கோட்டைவிடும் இடம். மேட் பெயிண்ட் நுண்ணிய கரடுமுரடு கொண்டது. டீக்கலுக்கடியில் காற்று மாட்டி, ஓரத்தில் வெள்ளி மினுமினுப்பாகத் தெரியும். ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டியபின் மேட் வார்னிஷ், இவ்வளவுதான் வைத்தியம். வெதுவெதுப்பான நீரில் 20 விநாடி, எடுத்து டிஷ்யூவில் ஒரு நிமிடம், பிறகு தாளோடு இடத்தில் வைத்து ஈரப் பிரஷ்ஷால் நகர்த்துங்கள். தூக்கி வைக்கப் போனால் சுருண்டுகொள்ளும். இறக்கையின் வட்டச் சின்னங்கள் ஆழக் கோடுகளின் மேலே கூடாரம் போல நிற்கும். டீக்கலை இளக்கும் திரவமான மைக்ரோ சால் ஒரு தடவல், காய்ந்ததும் இன்னொன்று. முதல் சில நிமிடம் டீக்கல் சுருங்கிப் பயமுறுத்தும், அப்போது கைவைத்தால் போச்சு. தானே இறங்கிப் படியும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு இரண்டு வார இறுதிகளில் முடிக்கலாம். பிளேடு வேலை மட்டும் பெரியவர்கள் கையில்.

இரண்டாவதாக ஒன்று கட்டத் தோன்றினால் செட்டை விட்டு வெறும் கிட்டை வாங்கி, தனி டீக்கலில் ‘AZ’ என்ற இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) 234-ம் ஸ்குவாட்ரனின் அடையாளம் அது. மதராஸ் மாகாணத்தின் நன்கொடையால் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் பெற்ற ஸ்குவாட்ரன். பச்சை, பழுப்பு, அடிப்புறம் எல்லாம் இதே பெயிண்ட்தான்.