நவூருவும் கிரிபட்டியும்: பாஸ்பேட் பணம் போன வழி

தாராவியில் எங்கள் சங்கத்தின் வைப்புநிதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: "கையில இருக்கும்போதே ஒரு கட்டடம் எழுப்பிருவோமா தம்பி?" எனக்கு நவூரு ஞாபகம் வந்தது.

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. 1968-இல் விடுதலை. உரத்துக்கான பாஸ்பேட் தாதுவை வெட்டி வந்த பணத்தை நாளைக்கு ஆகட்டும் என்று அறக்கட்டளையில் போட்டார்கள். சரியான முடிவுதான். ஆனால் கேள்வி கேட்க ஆளில்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், ஊருக்குப் பொருந்தாத விமான நிறுவனம், 1993-இல் லண்டனில் ஓடாமல் போன ஓர் இசை நாடகம். மோசடிக்காரர்களிடமும் பணம் போனது. அப்புறம் கடன்மேல் கடன். 2004-இல் கட்டடம் கைவிட்டுப் போனது. 2005 டிசம்பரில் மிஞ்சியிருந்த ஒரே போயிங்கையும் பறிமுதல் செய்தார்கள். தீவின் நடுவே மண்ணை வழித்தெடுத்த இடத்தில் சுண்ணாம்புப் பாறைகள் கூர்கூராக நிற்கின்றன. அங்கே ஒரு கீரைப்பாத்திகூடப் போட முடியாது.

பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான கிரிபட்டிக்கும் வருமானம் தந்தது அதன் பனாபா தீவின் பாஸ்பேட்தான். 1956-லேயே சேமநிதி தொடங்கி வெளிநாட்டில் முதலீடு செய்தார்கள். 1979-இல் சுரங்கம் தீர்ந்தும் நிதி இன்றுவரை நிற்கிறது. நாடு ஏழைதான். பனாபா மக்களை பிஜிக்குப் பெயர்த்த அநியாயமும் மறக்கக்கூடியதல்ல. ஆனாலும் பணத்தைக் காப்பதில் எனக்குக் கிரிபட்டி வழிதான்.

அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். "சரி, கணக்கை மாசாமாசம் சுவத்துல ஒட்டு" என்றார்.