ஒரே ஆள், மூன்று பக்கம்: வருகை ஒன்றா, இரண்டா, மூன்றா?

போன வாரம் நண்பர் ஒருவர், தன் இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் மூன்று கருவிகளின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்டார்: "ஒரே தளம், ஒரே மாசம். மூணுலயும் மூணு நம்பர் வருது. எது பொய் சொல்லுது?" பதில் நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2023 ஜூலையில் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் கதை முடிந்ததிலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வைத்து எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4, மட்டோமோ, சர்வர் லாக்கை (வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் குறித்துவைக்கும் பதிவை) படிக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் மூன்றையும் என் தளத்தில் சேர்த்தே ஓட்டி வருகிறேன். மூன்றும் ஒருநாள்கூட ஒத்துப்போனதில்லை.

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரிடம் அளவிடும் ஸ்கிரிப்ட் ஓடாமல் போகும். அவர் லாக்கில் மட்டும் தெரிவார். ஆள் இல்லாமல் தானாகப் பக்கங்களைத் திறக்கும் பாட்களில் பெரும்பாலானவை அந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. அவையும் லாக்கில்தான் குவியும். தெரிந்த பாட்களை ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒதுக்கிவிடும், ஆனால் குரோம் உலாவி என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதை மனிதராகவே எண்ணும். சஃபாரி உலாவியோ, வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள ஸ்கிரிப்ட் எழுதிய குக்கீயை ஏழு நாளில் அழித்துவிடும். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் பழைய வாசகர் புதியவராகிவிடுவார்.

சரி, தடுப்பானும் இல்லை, பாட்டும் இல்லை, வந்தவர் யாரென்றும் தெரியும் என்றால் எண் பொருந்த வேண்டும்தானே? அதைப் பார்க்க ஒரு சோதனை செய்தேன். இரவு 11.50க்கு என் போனில், வீட்டு வைஃபையில், தளத்தின் ஒரு கட்டுரையைத் திறந்தேன். 12.05க்கு இன்னொரு பக்கம். இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டு, 12.45க்கு மூன்றாவது பக்கம். இரண்டு நாள் பொறுத்து மூன்று கருவிகளையும் திறந்து, என் வருகையை மட்டும் தேடிப் பிடித்தேன்.

ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒரு வருகை என்றது. கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டு என்றது. மட்டோமோ மூன்று என்றது.

எதிலும் பிழை இல்லை. ஏடபிள்யூஸ்டாட்ஸ் 60 நிமிடம் வரை இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் எல்லாம் ஒரே வருகை. மற்ற இரண்டுக்கும் இயல்பான கெடு 30 நிமிடம், 12.45க்கு வந்தவன் மறுபடி வந்தவன்தான். மட்டோமோ அதோடு நள்ளிரவு தாண்டினாலே புது வருகை தொடங்கிவிடும். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸும் அப்படித்தான் வெட்டியது; 4 வந்தபோது அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். படித்துக்கொண்டிருப்பவரைக் கடிகாரத்துக்காக இரண்டாக வெட்டாமல் இருப்பது நல்ல முடிவு, மனதாரப் பாராட்டுகிறேன்.

என் கோபம் வேறு. இந்த விதிகளை எல்லாம் ஆவணங்களில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள், அது நியாயம். ஆனால் தினமும் நாம் பார்ப்பது ஆவணத்தை இல்லை, டாஷ்போர்டை. அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் விதி இல்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் 4 பயனர்களை ஒவ்வொருவராக எண்ணுவதில்லை, ஹைப்பர்லாக்லாக் பிளஸ் பிளஸ் என்ற முறையில் மதிப்பிடுகிறது. பெரிய தளங்களுக்கு அது இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் 'சுமார்' என்று ஒரு சொல் போடலாமே! கடைசி இலக்கம் வரை அச்சடித்துக் காட்டினால், பார்க்கிறவர் எண்ணிப் பார்த்துச் சொன்னதாகத்தான் நம்புவார். என் நண்பரும் அதை நம்பித்தான் ஒரு ராத்திரி முழுக்க 'காணாமல் போன' ஆட்களைத் தேடியிருக்கிறார்.

கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு வந்த கிளிக்குகளைச் சொல்லும் சர்ச் கன்சோலையும் அவர் இதோடு ஒப்பிட்டிருந்தார். அதன் நாள்வாரி அறிக்கை அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரப்படி நாளைத் தொடங்குகிறது. நம் செவ்வாய்க்கிழமையும் அதன் செவ்வாய்க்கிழமையும் வேறு வேறு பொழுதுகள். அப்புறம் அது எண்ணுவது கிளிக்கை. பக்கம் திறப்பதற்குள் திரும்பிப் போனவர் அங்கே உண்டு, அனலிட்டிக்ஸில் இல்லை.

ஒன்றை மட்டும் உடனே கவனியுங்கள். பக்கப் பார்வை ஒரே நாளில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, அப்படியே நின்றால் சந்தோஷப்படாதீர்கள். தளத்தின் தோற்றத்துக்காக நான் வாங்கிய தீம் ஒன்று அப்டேட்டில் தானாகவே ஒரு டேக்கை, அதாவது அளவிடும் ஸ்கிரிப்டை, சேர்த்துவிட்டது. ஏற்கெனவே ஒன்று இருந்ததால் ஒவ்வொரு பார்வையும் இரண்டு தடவை பதிவானது. லாக் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், மனிதர்களைப் பற்றித் தெரிய வேண்டுமா, ஸ்கிரிப்ட் கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் போன மாதத்தை அதன் இந்த மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். லாக் காட்டும் எண் பாட்களால் ஊதிப்போனது, மூன்றிலும் நிஜத்துக்குத் தொலைவானது அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நான் காலையில் முதலில் திறப்பது லாக்கைத்தான். ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், கேட்டது கிடைத்தது என்று சொல்லும் 200. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.