முதலையா, பட்டுப்புழுவா, எறும்பா? அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உயிரினங்களை அறிமுகப்படுத்த எங்கள் பாலக்கோடு பக்கம் நான்கு வழி உண்டு. சுவரில் மாட்டும் படம், ஒகேனக்கல் முதலைப் பண்ணை, தட்டில் வளரும் பட்டுப்புழு, வாசலோரத்து எறும்பு. நான்கையும் என் மையத்தில் செய்து பார்த்திருக்கிறேன்.

படம் மலிவு. "பசு பால் தரும்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஆனால் வெளியே கட்டியிருந்த மாட்டைப் பார்த்து ஒரு பெண் குழந்தை, "புல்லே இல்ல, வாயில என்ன மெல்லுது?" என்று கேட்டாள். விழுங்கிய புல்லை மாடு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கிறது என்று சொன்னேன். எங்கள் படத்து மாடு ஒருநாளும் அசைபோட்டதில்லை. அதனால் நேரில் பார்த்ததை நினைவுபடுத்தத்தான் படத்தை எடுக்கிறேன், ஆரம்பிக்க அல்ல.

ஒகேனக்கல்லில் முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தது. "கோவமா இருக்குதா டீச்சர்?" கோபமில்லை, உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படித் திறந்து வைக்கும். நல்ல கேள்விதான். ஆனால் பத்து நிமிஷத்தில் கவனம் அருவிப் பக்கம் போய்விட்டது. வேன் வாடகையும் கொடுத்து, மறுநாள் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

என் மனசு பட்டுப்புழுவிடம்தான். நம் தருமபுரி மாவட்டத்தில், புழு தின்னும் இலைக்கான மல்பெரித் தோட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். புழுக்களுக்கு நோய் தொற்றும் என்று, அவற்றை வளர்க்கும் புழு மனைக்குள் கூட்டத்தை விட மாட்டார்கள், அது நியாயம். ஒரு விவசாயி இருபது புழுக்களைத் தட்டில் தந்தார். மனையிலிருந்து வந்த புழு மறுபடி அங்கே போகக்கூடாது, மருந்தடித்த இலையைப் போடக்கூடாது. இந்த இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும்.

அப்புறம் தினமும் காலையில் தட்டைச் சுற்றி உட்கார்வதுதான் பாடம். ஒருநாள் புழுக்கள் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கியபடி அப்படியே நின்றன. "காய்ச்சல்" என்றான் ஒருவன், "தூக்கம்" என்றாள் இன்னொருத்தி. நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் புழுக்கள் உரித்துப்போட்டு, தட்டில் சுருங்கிக் கிடந்த தோலை அவர்களே எடுத்துக் காட்டினார்கள். கடைசி வாரத்தில் இலை போட்டதும் காதை வைத்துக் கேட்டார்கள்; தூறல் விழுவதுபோல ஒரு சரசரப்பு. கூடு கட்டி முடிக்க இரண்டு மூன்று நாள் ஆனது. ஐந்து கூடுகளை அப்படியே விட்டுவைத்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் கூட்டை நனைத்து, இழைகளை விலக்கிக்கொண்டு பூச்சி வந்தது. "றெக்கை இருக்குது, ஏன் பறக்கல?" மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக வளர்த்ததில் அதற்குப் பறக்கும் வலு போய்விட்டது என்று சொன்னேன்.

பட்டுப்புழு கிடைக்காத இடத்தில் எறும்பே போதும், செலவில்லை. கொஞ்சம் வெல்லத்தை ஓரமாக வைத்து, வரிசை உருவாகும்வரை காத்திருங்கள். நடுவில் ஈரத்துணியால் ஒரு கோடு துடைத்தால் எறும்புகள் தடுமாறி அங்குமிங்கும் தேடும். முன்னே போன எறும்பு விட்டுச்சென்ற வாசனை அழிந்துவிட்டது, அதுதான் காரணம். கடிக்கிற சிவப்பெறும்பாக இருந்தால் மட்டும் வேறு இடம் பாருங்கள்.