அனுமதிப் பட்டியலா, படம் கீறுபவரா, ஹாட்வெயார்க் கடையா? யாழ்ப்பாணத்தில் கட்டட வேலை பிடிக்கும் வழிகள்

கனடாவில் கட்டட வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லியிருப்பார். அங்கே வேலை தேடி அலையத் தேவையில்லை, ரொறன்ரோ மாநகராட்சி கொடுக்கும் கட்டட அனுமதிகள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன, எந்தத் தெருவில் எந்த இலக்கத்தில் என்ன வேலை, எப்போது விண்ணப்பித்தார்கள், எப்போது அனுமதி கிடைத்தது, உத்தேசச் செலவு எவ்வளவு என்பது வரை பார்க்கலாம் என்று. உண்மைதான். சிகாகோ நகரமும் 2006 தொடக்கம் கொடுத்த அனுமதிகளை அப்படித் திறந்து வைத்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு இங்கே கொந்தராத்து எடுக்கும் பெடியள், மாநகர சபையில் அந்தப் பட்டியலை எடுத்தால் என்ன என்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் அது உங்களுக்கு உதவுமா என்பது நீங்கள் அத்திவாரம் போடுகிறவரா, மாபிள் பதிக்கிறவரா என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்தப் பட்டியலையே பார்ப்போம். இங்கே வீடு கட்ட 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படியும், நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குள் வரும் இடமென்றால் 1978இன் சட்டத்தின்படியும் உள்ளூராட்சி மன்றத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். உறுதி, நில அளவைப் படம், கட்டட வரைபடம் எல்லாம் கோப்பில் இருக்கும். கோப்பு மன்றத்தின் அலுமாரியில் இருக்கிறது, ரொறன்ரோ மாதிரி இணையத்தில் இல்லை. அதை வெளியே எடுக்க வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இதில் பலர் கெடுத்துக்கொள்வது கேள்வியைத்தான். 'வீடு கட்டுகிறவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் தரவும்' என்று எழுதினால் தனிப்பட்ட தகவல் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை அனுமதித்த கட்டடங்கள், அவை இருக்கும் வீதி, வீடா கடையா, எத்தனை மாடி, தளப்பரப்பு எவ்வளவு, அனுமதித்த திகதி என்ன, இவ்வளவும் கேட்டால் போதும். வீதியின் பெயர் தெரிந்தால் மிச்சத்தைச் சல்லிக் குவியல் சொல்லும். இன்னொன்று, எல்லை. யாழ்ப்பாணம் என்று வாயால் சொல்வது ஒன்று, மன்றங்கள் வேறு. கொக்குவிலும் திருநெல்வேலியும் நல்லூர்ப் பிரதேச சபை, சுன்னாகம் வலிகாமம் தெற்கு, கோப்பாய் வலிகாமம் கிழக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் போட வேண்டும்.

சரி, பட்டியல் கைக்கு வந்துவிட்டது. வீட்டை முழுதாகக் கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? சொல்லப்போனால் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் வீடு என்பது அனுமதியோடு தொடங்குவதில்லை. சாத்திரியாரைக் கூட்டிவந்து நிலையம் எடுப்பதோடு, அதாவது காணியில் வீடு எழும்ப வேண்டிய இடத்தைக் குறிப்பதோடு தொடங்கி, படம் கீறி, நாட்கல் (முதல் கல்) வைக்க நாள் பார்த்து, அந்த நாளுக்கு மேசனாரையும் பேசி வைத்த பிறகுதான் பல வீடுகளில் அனுமதிக் கோப்பே நகர்கிறது. அனுமதி கையில் வரும்போது ஆள் பேசியாகிவிட்டது, சில இடங்களில் அத்திவாரமும் எழும்பிவிட்டது (அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் நடக்கிறது). ரொறன்ரோவிலும் இது முழுக்க வேறு இல்லை. அங்கேயும் பெரிய வேலைக்கு அனுமதி வரும்போது கட்டுகிற ஆள் பெரும்பாலும் முடிவாகியிருப்பார், பட்டியலை வைத்துப் பிழைக்கிறவர்கள் கூரை, வெப்பமூட்டி, தரை, சமையலறை வேலைக்காரர்கள்தான்.

இங்கேயும் அதுதான் கணக்கு. அனுமதி கிடைத்து வேலை தொடங்கிய வீட்டுக்கு லிண்டல் மட்டம், பிளேற் (கொங்கிறீற் தட்டு), பூச்சு என்று மாதங்கள் போகும், இடையில் மாரி வந்தால் இன்னும் இழுக்கும். மாபிள், அலுமினியக் கதவு யன்னல், சீலிங், பெயின்ற், கேற், சோலார் செய்கிறவருக்கு அந்த இடைவெளிதான் காசு. போன வருடத்துப் பட்டியல்தான் அவருக்கு இந்த வருடத்து வேலை. அதோடு வங்கிக் கடனுக்கு அனுமதித்த படம் கேட்பார்கள் என்பதால், பட்டியலில் இருக்கிற வீடுகளில் கணிசமானவை இடையில் நிற்காமல் முடிகிற வீடுகள். பெரிய மாடி வீடுகளை மட்டும் தளப்பரப்பை வைத்துப் பிரித்து எடுத்தால் அலைச்சலும் பாதியாகும்.

முழு வீட்டையும் கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துக்காரர் போகவேண்டிய இடம் படம் கீறுபவர், அதாவது வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். உரிமையாளரின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிறாரா, லண்டனில் இருந்து வந்து நிற்கக் கட்டுகிறாரா, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் தூரம் போதாமல் படம் திரும்பி வருமா, எல்லாம் முதலில் தெரிகிற ஆள் அவர்தான். 'ஆரும் நல்ல மேசன் இருக்கினமோ?' என்ற கேள்வியும் அவரிடம்தான் வரும். ஒரு வேலையை அவர் படத்தில் உள்ளபடி, தூண் இடம் மாற்றாமல், கம்பி குறைக்காமல் செய்துகொடுத்தால் அடுத்ததும் உங்களுக்கு வரும். குறை என்னவென்றால் சிலர் கையில் ஏதும் எதிர்பார்ப்பார்கள், அந்தக் காசு சதுர அடி விலைக்குள் ஏறும், அப்புறம் உரிமையாளர் வேறு இடத்தில் விலை கேட்டு உங்களைத்தான் கொள்ளைக்காரன் என்பார். அதைவிட, நீங்கள் ஒரே ஆளின் கைக்குள் போய்விடுவீர்கள். இரண்டு மூன்று பேரோடு பழக்கம் வைத்திருப்பது புத்தி.

ஹாட்வெயார்க் கடையை நான் இரண்டாவதாக வைப்பேன். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாத கட்டடம் இல்லை. 'தம்பி, கோண்டாவில் பக்கம் ஒரு அம்மா கம்பிக்கு விலை கேட்டுப் போனவ, மகன் வெளியில, இன்னும் ஆள் பிடிக்கேல்லப் போல' என்று ஒரு வசனம் வந்தால் அது எந்தப் பட்டியலையும் விடப் புதுச் செய்தி. ஆனால் இந்தச் செய்தி உங்கள் முகத்துக்காக வருவதில்லை, நீங்கள் அந்தக் கடையில்தான் சீமெந்தும் கம்பியும் எடுப்பீர்கள் என்பதற்காக வருகிறது. சாமான் உரிமையாளர் எடுத்துக் கொடுக்க, கூலிக் கொந்தராத்து மட்டும் செய்கிறவருக்கு அவ்வளவு மரியாதை கிடைக்காது. கடன் கொப்பி நீண்டுபோனால் செய்தியும் நின்றுவிடும்.

முகநூலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முடித்த வேலையின் படங்களைப் போடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் உங்களை நம்பலாமா என்று பார்க்க அது உதவும். வேலை அதில் பிறப்பது குறைவு, விலை விசாரிக்கிற கூட்டம்தான் அதிகம்.

அரச விலைமனுக்களுக்குப் போகிறவர் சீடாவில், அதாவது 2014இன் சட்டப்படி இயங்கும் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில், தரப் பதிவு எடுத்திருக்க வேண்டும். சின்ன ஆட்கள் ஆகக் கீழேயுள்ள தரமான சீ 9இல் தொடங்கலாம். வேலை நிச்சயம், காசு தாமதம். 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டியபோது பழைய விலையில் ஒப்பமிட்டவர்கள் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் கண்டோம். கையில் முதல் இல்லாதவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

திரும்பவும் பட்டியலுக்கு, ஏனென்றால் அதை எடுத்த பிறகும் பலர் வாசலில் சொதப்புகிறார்கள். வீதியைக் கண்டுபிடித்து, கட்டடத்தையும் கண்டபின் நேரே வீட்டுக்காரரிடம் போய் 'சபையில் உங்கட படம் பார்த்தனான்' என்று தொடங்கினால் அவர் பயந்துவிடுவார், தெருக்கோட்டுப் பிரச்சினைக்கு (தெருவுக்கு விடவேண்டிய இடத்துக்குள் கட்டிவிட்டார் என்று) யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைப்பார். முதலில் சைற்றில் நிற்கும் மேசனாரோடு கதையுங்கள். பூச்சு எப்போது முடியும், மாபிளுக்கு ஆள் சொல்லியாச்சா என்று கேளுங்கள். அவருக்கும் தன் வேலையைக் கெடுக்காத மாபிள்காரர் வேண்டும். அவர் கைகாட்டினால் வீட்டுக்காரர் கதவைத் திறப்பார். அவர் ஏற்கனவே ஆள் வைத்திருந்தால் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீதிக்குப் போங்கள், சொன்ன நாளுக்கு வராத மாபிள்காரர்கள் இங்கே நிறைய.