கடலுக்குள் மறையும் சூரியனை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ‘இருவருக்கான மெழுகுவர்த்தி விருந்து’ என்று விளம்பரம் பார்த்து, திருமண நாளுக்கோ பிறந்த நாளுக்கோ முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உணவகத்தின் பெயரைப் போடப்போவதில்லை. உத்தண்டி சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் சொல்லமாட்டேன். புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இந்த வித்தையைச் செய்கிற இடம் அது ஒன்றுதான் என்று நான் நம்பவும் இல்லை.

எங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருடம். இந்தப் பத்து வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டது இரண்டே முறை. அதில் ஒன்று ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில். எனவே இந்த முறை பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பெரம்பூரிலிருந்து கடற்கரைக்குப் போய் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். இவருக்குச் சொல்லவில்லை. மே மாதக் கடைசி, பௌர்ணமி வேறு. நாள்காட்டியில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பாலிசியின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்துகளைப் படித்து அடுத்தவர்களுக்கு விளக்குவதுதான் என் பிழைப்பு. இதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விளம்பரத்தில் ஒரு படம். மணலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, இரண்டு நாற்காலி, சுற்றிலும் விளக்குச் சரம், பின்னால் கடலுக்குள் இறங்கும் ஆரஞ்சுச் சூரியன். கீழே ‘4,999 ரூபாய், இருவருக்கு, எல்லாம் சேர்த்து’. வாட்ஸ்அப்பில் கேட்டேன்: “கடலைப் பார்த்த மேசைதானே?” பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. “வரியும் சேர்த்தா?” அதற்கும் ஒரு கட்டைவிரல். “மேடம், பௌர்ணமி அன்று இன்னும் இரண்டு மேசைதான் மீதம்” என்று மட்டும் எழுத்தில் வந்தது. உடனே 2,500 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். யுபிஐயில் உணவகத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

இந்த ‘இரண்டுதான் மீதம்’ என்கிற அவசரப்படுத்தலும், ஒரு விலையைச் சொல்லிக் கூட்டிவந்து பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவதும் சாதாரண வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். இணைய வணிகத்தில் இப்படிச் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவற்றில் இந்த இரண்டும் உண்டு. பிறகுதான் படித்தேன்.

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை வண்டி நகரவில்லை. ஏழரை மணிக்குப் போய் இறங்கியபோது நிலா பனைமர உயரத்துக்கு வந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் கடல்மேல் வெள்ளிப் பாதை போட்டதுபோல இருந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நிமிடம் நின்றார். அன்று முழுவதும் நாங்கள் கடலைப் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

எங்கள் மேசை உள்ளே, புல்தரையில் இருந்தது. எதிரே ஆளுயரச் சுவர், அதன்மேல் பச்சை வலை. சுவருக்கு அப்பால் கடல் இருந்ததாகத் தெரிகிறது. அலைச் சத்தத்தைக் கேட்கலாம் என்றால் பத்தடி தள்ளி ஜெனரேட்டர். மணலில் இருக்கும் மேசை எங்கே என்று கேட்டதற்கு, “அது பிரீமியம் மேடம், இது பேசிக்” என்றார் மேலாளர். கட்டைவிரலைக் காட்டினேன். “அது வாட்ஸ்அப் பார்க்கும் பையன் போட்டிருப்பான்” என்றார். முன்பணம் கட்டியாகிவிட்டது, இரண்டு மணி நேரம் பயணம் செய்தாகிவிட்டது, பட்டுப்புடவை வேறு கட்டியாகிவிட்டது. இந்த மூன்றையும் கணக்கில் வைத்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள். கோபித்துக்கொண்டு திரும்பிப் போவதற்குத் திருமண நாளன்று யாருக்கும் மனம் வராது.

மெழுகுவர்த்தி பேட்டரியில் எரிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடற்காற்றில் நிஜத் திரி நிற்காதுதான். ஆனால் மூன்றில் ஒன்று விட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இதய வடிவ பலூன்கள் தளர்ந்துபோய்ச் சுருங்கியிருந்தன. முந்தின ஜோடிக்குக் கட்டியவை. கேக் வந்தது. அதில் அழகான எழுத்தில் இரண்டு பெயர்கள், இரண்டுமே எங்களுடையவை அல்ல. பரிமாறிய பையன் பதறிப்போய் எடுத்துக்கொண்டு ஓடினான். சற்று நேரத்தில் அதே கேக், பெயர்கள் இருந்த இடம் கத்தியால் வழிக்கப்பட்டு, மேலே செர்ரி ஒன்று வைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் பெயர் போட்ட கேக்கை அன்று இரவு யார் வெட்டினார்களோ, நன்றாக இருக்கட்டும்.

இனி மீன் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இவர் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். மாமனார் விசைப்படகில் போனவர். மீன் விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. “இன்று காலை பிடித்த வஞ்சிரம், ஸ்பெஷல்” என்று பையன் சொன்னதும் இவர் தலையை நிமிர்த்தி, “இன்று காலையா?” என்று கேட்டார். ஆமாம் என்றான். சரி, கொண்டு வா என்றார். 4,999 ரூபாய்த் தொகுப்பில் அது சேராது என்பதை யாரும் சொல்லவில்லை.

தட்டு வந்தது. மேலே மசாலா அப்பி, வாழையிலையில் வைத்து, எலுமிச்சைத் துண்டு சொருகி, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இவர் முள்கரண்டியால் மசாலாவை ஓரமாக ஒதுக்கினார். உள்ளே சுண்ணாம்பு வெள்ளையில் சதை. லேசாக அழுத்தியதும் நீர் விட்டு, பொலபொலவென்று உதிர்ந்தது. வஞ்சிரத் துண்டு என்றால் வட்டமாக, நடுவில் தண்டு முள்ளோடு, சதை இறுக்கமாக இருக்கும். இதில் முள்ளே இல்லை, நீளவாக்கில் சீவிய பட்டை. “பாசா” என்றார். பாசா என்பது குளத்தில் வளர்க்கும் மீன், கெளுத்தி இனம். உறையவைத்து அட்டைப்பெட்டியில் வருகிறது. சாப்பிடக் கெடுதல் இல்லை, வஞ்சிரத்தின் விலைக்கு விற்பதுதான் கெடுதல்.

“தம்பி, இப்போது தடைக்காலம் தெரியுமா?” என்று கேட்டார். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். ஃபைபர் படகுகள் போகும், கரையோரமாக வஞ்சிரமும் சில சமயம் கிடைக்கும். ஆனால் கிடைப்பது கொஞ்சம், விலை ஆகாயத்தில். ஒவ்வொரு மேசைக்கும் ‘இன்று காலை பிடித்த வஞ்சிரம்’ போட எந்தக் கடலாலும் முடியாது. பையன் விழித்தான். தமிழை வார்த்தை வார்த்தையாகக் கோத்துப் பேசுகிறவன், அசாமிலிருந்து வந்து ஆறு மாதமாம். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான், அவன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. “கிச்சனில் கேட்டு வருகிறேன் சார்” என்று போனவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

அந்த இடைவெளியில்தான் இவர், “எதைப் பார்த்து இந்த இடத்தைப் பிடித்தாய்?” என்று கேட்டார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பார்த்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சூரியன் எங்கே போகிறது?” என்றார்.

“மறைகிறது.”

“கடலுக்குள்ளா? சென்னையிலா?”

நான் இந்த ஊரில் பிறந்தவள். மெரினாவில் அதிகாலையில் சூரியன் எழுவதைப் பார்க்க அப்பா கூட்டிப்போயிருக்கிறார். நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், தாம்பரம் பக்கம்தான் இறங்கும். கடலில் சூரியன் மறைய வேண்டுமென்றால் கோவாவுக்கோ கேரளாவுக்கோ போகவேண்டும். மூன்று வாரம் தினமும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறேன், ஒருநாளும் உறைக்கவில்லை. அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருப்பதாக நினைத்திருப்பார்கள்.

எட்டே முக்கால் ஆகவில்லை, வேப்பமரத்தடியில் ஓர் இளம் ஜோடி வந்து நின்றது. அந்தப் பெண் கையில் ரோஜாக் கொத்து. எங்கள் மேசைக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்று அப்போதுதான் எங்களிடம் சொன்னார்கள். ஐஸ்கிரீமுக்கு முன்னால் ஓர் அட்டை வந்தது: அதிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம். இத்தனை மோசமான இடத்துக்கு 4.6 மதிப்பெண் எப்படி வந்தது என்ற புதிரும் அதோடு விடுபட்டது. இனி எந்த இடத்தைத் தேடினாலும் குறைந்த மதிப்பெண் தந்தவர்களைத்தான் முதலில் படிப்பேன். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களைத்தான் பார்ப்பேன். அந்தப் பச்சை வலையும் ஜெனரேட்டரும் அங்கே நான்கைந்து படங்களில் இருந்தன. நான்தான் போகவில்லை.

பில் இப்படி வந்தது. தொகுப்பு 4,999. அலங்காரம் 750, அதாவது சுருங்கிய பலூன். இரண்டு தண்ணீர் பாட்டில் 240. மீன் 1,150. ஆகக் கூடி 7,139. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 8,246 ரூபாய். ‘எல்லாம் சேர்த்து’ என்பதற்கு இதுதான் பொருள் போலிருக்கிறது.

தண்ணீரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உணவகங்கள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜிஎஸ்டி விகிதமும் சரிதான். நான் பிடித்துக்கொண்டது சேவைக் கட்டணத்தை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உணவகச் சங்கத்தினர் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அது வேறு கதை.

“இது எங்கள் நிறுவன விதி மேடம், ஊழியர்களுக்குத்தான் போகிறது.”

“ஊழியருக்கு நான் கையிலேயே கொடுத்துக்கொள்கிறேன். இதை எடுத்துவிட்டு வேறு பில் போடுங்கள்.”

“சிஸ்டத்தில் எடுக்க முடியாது.”

“அப்படியானால் 1915க்கு இப்போதே போன் செய்கிறேன், நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள்.”

தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அந்த நேரத்தில் எடுப்பார்களா என்றுகூட நான் யோசிக்கவில்லை, ஆனால் சிஸ்டம் உடனே சரியாகிவிட்டது. புதிய பில் 7,496. சேவைக் கட்டணமும் அதன்மேல் போட்ட வரியுமாக 750 ரூபாய் குறைந்தது. முன்பணம் போக மீதி 4,996ஐக் கட்டிவிட்டு, பையன் கையில் இருநூறு ரூபாய் கொடுத்தோம். அவன் மேலாளர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

வெளியே வரும்போது ரோஜாக் கொத்துப் பெண் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். பையன் அதே பலூன்களை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தான். அவர்களிடம் போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றேன். “விடு, அவர்களாவது சாப்பிடட்டும்” என்றார் இவர். மீனை மட்டும் வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.

நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்றால், எந்த மேசை என்று எண்ணைக் கேட்டு, அந்த மேசையில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதை வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில். வரி, அலங்காரம் எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு என்பதை எண்ணால் எழுதி வாங்குங்கள், கட்டைவிரலை ஏற்காதீர்கள். எத்தனை மணிக்கு எழ வேண்டும், வரமுடியாமல் போனால் முன்பணம் திரும்புமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பணம் நிறுவனத்தின் பெயருக்குப் போகிறதா என்று பார்த்து அனுப்புங்கள். பில்லை வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணோடு உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் பிறகு புகார் செய்ய வசதி. எங்கள் பில்லில் இரண்டாவது இல்லை.

மறுநாள் 1915இல் புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம், இரண்டு பில்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது. மீனுக்கும் மேசைக்கும் சேர்த்து என்ன கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் உணவகத்திலிருந்து சமாதானமாக ஒரு கூப்பன் வந்தது. அடுத்த முறை வரும்போது ஆயிரம் ரூபாய் தள்ளுபடியாம், 30 நாளுக்குள் பயன்படுத்த வேண்டுமாம். கூப்பனிலும் அதே படம். வங்கக் கடலில் சூரியன் இன்னும் மறைந்துகொண்டுதான் இருக்கிறது.