தெலுக் இந்தான் பக்கம் மின்சாரக் காரில் போகிறவர்கள் கவனிக்கவும்: பச்சையைப் பார்த்து 50 வெள்ளி கட்டாதீர்கள்

தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்தில், கடை வரிசைக்கு முன்னால் ஒரே ஒரு டிசி சார்ஜர் (வேகமாக ஏற்றும் வகை) நிற்கிறது. அதை நடத்தும் நிறுவனத்தின் செயலியில் அது எப்போதும் பச்சைதான், அதாவது காலியாக இருக்கிறது என்று காட்டும். நேரில் போனால் முதலில் வாலட்டில் 50 வெள்ளி போடச் சொல்லும். போட்டபின் 'தயாராகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்து, சில நிமிடங்களில் நின்றுவிடும். பேட்டரியில் ஒன்றும் ஏறியிருக்காது. தொடக்கக் கட்டணம் மட்டும் கழிந்திருக்கும். உதவி எண்ணில் பதிவு செய்த குரல். மீதியைத் திருப்பிக் கேட்டால், "கிரெடிட்டாக இருக்கிறது, அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எங்கே போய்ப் பயன்படுத்துவது? அந்த நிறுவனத்துக்கு இந்த வட்டாரத்தில் வேறு சார்ஜரே கிடையாது.

சார்ஜர் தன் சிம் வழியாக 'நான் சும்மா இருக்கிறேன்' என்று சர்வருக்குக் கடைசியாகச் சொன்ன செய்திதான் அந்தப் பச்சை. பிளக்கைச் செருகி, மின்காப்புச் சோதனை (மின்சாரம் எங்கும் கசிகிறதா என்ற சோதனை) முடிந்த பிறகுதான் மின்சாரம் ஓடத் தொடங்கும். ஈரம் இறங்கிய பிளக், தேய்ந்த கேபிள், ஒடிந்த பூட்டு எல்லாம் அங்கேதான் மாட்டும். அதுவரை சார்ஜருக்கே தன் கோளாறு தெரியாது. இடி மழையில் பிரேக்கர் விழுந்துவிட்டால் கதை இன்னும் மோசம். தூக்கிவிட வேண்டிய பெட்டிக்குப் பூட்டு, சாவி கோலாலம்பூரில்.

கிளம்புவதற்கு முன் பிளக்‌ஷேர் என்ற, கார் ஓட்டுநர்கள் தங்கள் அனுபவத்தைப் பதியும் செயலியில் யாராவது கடைசியாக சார்ஜ் செய்த தேதியைப் பாருங்கள். நட்சத்திரத்தை விடுங்கள், தேதிதான் முக்கியம். பக்கத்து மாமாக் கடைக்கு ஒரு போன் போட்டு, திரை எரிகிறதா என்று கேட்டாலும் போதும். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் சார்ஜருக்கு முன்னால் உள்ள இரண்டு பார்க்கிங்கிலும் கடை போட்டிருப்பார்கள். சாயங்காலம் போய்ப் பயனில்லை.

நிமிடக் கணக்கில் காசு வாங்கும் சார்ஜர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவாட் முழுசாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு யூனிட், அதாவது யூனிட் 1 வெள்ளி. இரண்டாவது கார் வந்து மாட்டினால் பல சார்ஜர்கள் 30–30 ஆகப் பிரித்துவிடும். யூனிட் 2 வெள்ளி. 80 விழுக்காட்டுக்கு மேல் கார் தானே வேகத்தைக் குறைக்கும். 20 கிலோவாட்டுக்கு இறங்கினால் யூனிட் 3 வெள்ளி. ஆகவே 80இல் கழற்றிவிடுங்கள்.

செருகும்போது கேபிளின் கனத்தைக் கையால் தாங்கி, 'டக்' என்று பூட்டும்வரை விடாதீர்கள். பாரம் கீழே இழுத்தால் பின்கள் சரியாக உட்காராது. 'தயாராகிறது' கோளாறு இதனாலும் வரலாம். திரையில் அவசர நிறுத்தம் என்று வந்தால் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள், பிள்ளைகள் அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். கருகல் வாடையோ உடைசலோ இருந்தால் தொடவே வேண்டாம். க்யூஆரை செயலிக்குள்ளிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் போலியாகவும் இருக்கலாம்.

தீபாவளிக்கு ஊர் போகிறவர்கள் மூன்று பின் கையடக்கச் சார்ஜரை மறக்காதீர்கள். 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட், இராத்திரி பத்து மணி நேரத்தில் சுமார் 20 யூனிட் ஏறும், நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். பழைய தோட்ட வீட்டு வயரிங்கில் 8 ஆம்பியருக்குக் குறைத்துவிடுங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது, சூடேறி உருகிவிடும்.

ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்கள் சார்ஜர் எண், நேரம், ஏறிய யூனிட், கழிந்த தொகை எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போன் பேச்சு பின்னால் கைகொடுக்காது. பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி முதலாம் படிவத்தைப் பதியலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும்.